தேயிலை மலையும் ஈரல் தழும்பும்

(டிக்கோயாவில் பொதுமக்களுக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஈரலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் இரண்டு அண்ணன்மார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "நம்ம கதையத்தான் எடுக்கப் போறாரு" என்ற சிரிப்பு அது. தோட்டத்தில் ஈரல் வருத்தம் என்றால் குடி என்றுதான் பேச்சு. இழவு வீட்டில் கூடி நிற்பவர்கள், "குடிச்சுக் குடிச்சே ஈரலக் கெடுத்துக்கிட்டான்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள். குடிக்காத ஒரு பொம்பளைக்கு வயிறு ஊதி, கண் மஞ்சளித்து, வாந்தியில் இரத்தம் வந்தால் மட்டும் அந்த வரி பொருந்தாது. அப்போது செய்வினை, கண்ணூறு என்று வேறு வழியில் போய்விடுவோம். சில வீடுகளில், "ஒளிச்சு வச்சுக் குடிச்சிருப்பா" என்றுகூட அந்தப் பெண்ணின் தலையில் பழியைப் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் குடிக்காமலேயும் ஈரல் கெடும். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தார் நம்முடைய நுவரெலியா மாவட்டத்திலேயே இரண்டு தோட்டங்களைத் தெரிந்தெடுத்து, 35 வயதிலிருந்து 64 வயது வரையானவர்களின் ஈரலை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. பார்க்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் மலையகத் தமிழர். பார்க்கப்பட்ட எல்லோரிலும் 18 வீதமானோருக்கு, குடியால் வராத கொழுப்பு ஈரல் இருந்தது. அதாவது ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு. இதே குழுவினர் ராகமயில் நகரவாசிகளைப் பார்த்தபோது கிடைத்த எண் 32.6 வீதம். பட்டணத்தோடு ஒப்பிட்டால் நாம் தேவலை என்று திருப்திப்படலாம்தான். ஆனால் ராகமயில் இருப்பவர் பஸ்ஸில் போய் மேசைக்கு முன்னால் உட்காருகிறார். இங்கே இருப்பவரோ கூடையைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க ஏறி இறங்குகிறார். உடல் உழைப்பு மட்டுமே ஈரலைக் காப்பாற்றும் என்றால் இந்த 18 வீதம் வந்திருக்கக் கூடாது.

ஆள் மெலிவாக இருந்தால் கொழுப்பு இருக்காது என்பதும் சரியில்லை. தெற்காசிய உடம்பு கொழுப்பைக் கையிலும் காலிலும் காட்டாமல் வயிற்றுக்குள் பதுக்கும் உடம்பு. மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில், ஏழைக் கிராமத்து மக்களிடையே செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில் கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேர் பருமனானவர்களே அல்ல. அதனால்தான் நம்மவர்களுக்குத் தராசைவிட அளவுநாடா அதிகம் சொல்லும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

கொழுப்பு படிவது முதல் கட்டம். அதோடு நின்றுவிட்டால் பெரிய ஆபத்தில்லை. நிறையப் பேருக்கு அதோடு நின்றும்விடுகிறது. சிலருக்கு மட்டும் அந்தக் கொழுப்பால் ஈரல் அழன்று, காயப்பட்டு, காயம் ஆறும் இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு மேல் தழும்பாகச் சேர்ந்து ஈரல் முழுக்கக் கட்டி கட்டியாக இறுகிப் போவதுதான் சிரோசிஸ். சாராயத்தால் வருவதும், ஹெபடைடிஸ் கிருமியால் வருவதும், சீனியாலும் கொழுப்பாலும் வருவதும் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். இவ்வளவு வேறுபட்ட காரணங்கள் எப்படி ஒரே தழும்பில் வந்து முடிகின்றன? இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றியதுதான்.

தழும்பைப் போடுவது யார் என்று கண்டுபிடிக்கவே நூறு வருடத்துக்குக் கிட்ட ஆனது. ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கும் ஈரல் கலங்களுக்கும் நடுவே மிக மெல்லிய ஓர் இடைவெளி உண்டு. 1876இல் கார்ல் வொன் குப்ஃபர் என்ற ஜெர்மானியர் தங்கக் குளோரைட்டால் சாயமேற்றிப் பார்த்தபோது, அந்த இடைவெளியில் கைகளை விரித்துக்கொண்டிருக்கும் ஒருவகைக் கலங்களைக் கண்டார். நட்சத்திரக் கலம் என்று பெயரும் வைத்தார். பிற்பாடு அவரே அவற்றை, கிருமி விழுங்கும் வேறொரு வகைக் கலத்தோடு போட்டுக் குழப்பிக்கொண்டார். 1951இல் ஜப்பானியரான தோஷியோ இத்தோ, ஈரலில் எண்ணெய்த் துளிகளைச் சேர்த்து வைக்கும் கலமொன்றை விவரித்தார். 1971இல்தான் கென்ஜிரோ வாக்கே என்ற இன்னொரு ஜப்பானியர் இரண்டும் ஒன்றே என்று நிறுவினார். அந்த எண்ணெய்த் துளியில் இருப்பது விற்றமின் ஏ. நம் உடம்பிலுள்ள விற்றமின் ஏயின் பெரும்பங்கு இந்தக் கலங்களில்தான் கிடக்கிறது. நுவரெலியா கரட்டும் வல்லாரைச் சம்பலும் தின்றால் அவற்றிலிருந்து கிடைக்கும் விற்றமின் ஏ கடைசியாகப் போய்ச் சேரும் களஞ்சியம் அது.

சாதாரண நாளில் இந்த நட்சத்திரக் கலம் சாது. தன் எண்ணெயை வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். பக்கத்திலுள்ள ஈரல் கலம் காயப்பட்டால் ஆளே மாறிவிடும். எண்ணெய்த் துளிகளை இழக்கும், பெருகும், தசைக் கலம்போலச் சுருங்கும் தன்மை பெறும், கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை வெளியே கொட்டும். அந்த நார் இடைவெளியை அடைத்ததும், இரத்தக் குழாயின் சுவரிலிருந்த நுண் துளைகள் மூடிக்கொள்கின்றன. இரத்தத்துக்கும் ஈரல் கலத்துக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் நின்றுபோகிறது. ஈரலுக்குள் போக வழியில்லாத இரத்தம் பின்னால் தேங்குவதால் வயிற்றில் நீர் கட்டுகிறது. உணவுக் குழாயின் நாளங்கள் புடைத்து, ஒருநாள் உடைந்து, இரத்த வாந்தியாக வருகிறது. இதில் கொடுமை என்னவென்றால் ஈரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. தழும்பு வருடக்கணக்காக விழுந்துகொண்டிருக்கும். மனிதர் வேலைப் பெரட்டுக்கும் போய்க்கொண்டிருப்பார், நாட்சம்பளப் பேரும் விழுந்துகொண்டிருக்கும்.

காயப்பட்டது பக்கத்துக் கலம். அந்தச் சேதி இந்தக் கலத்துக்கு எப்படிப் போகிறது? இங்கேதான் வாங்கி என்ற புரதம் வருகிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்: கலத்தின் மென்சவ்வில் பதிந்திருந்து, வெளியே வரும் இரசாயனச் சேதியை உள்ளே சொல்லும் புரதம். நட்சத்திரக் கலத்தில் இப்படிப் பல வாங்கிகள் உண்டு. அதிகம் பேசப்படுவது டி.ஜி.எஃப்.-பீற்றா என்ற சேதியைக் கேட்கும் வாங்கி. கொலாஜனை உண்டாக்கச் சொல்லும் பெரிய ஆணை அதன் வழியாகத்தான் வருகிறது. அப்படியானால் அதை மருந்தால் அடைத்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அதே சேதிதான் நம் நோயெதிர்ப்பு எல்லை மீறாமல் பிடித்து வைக்கிறது. அந்தச் சேதியே இல்லாமல் பிறந்த எலிகள், உடம்பெல்லாம் அழற்சி கண்டு சில வாரங்களில் செத்தன. வாங்கியை அடைக்கும் மருந்துகளைக் கொடுத்த எலிகளில் இருதய வால்வு பழுதானது. பெரிய வாசலை ஒரேயடியாக மூட முடியாது.

நான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புவது இன்னொரு வாங்கியைப் பற்றி. அதன் பெயர் ஏ2ஏ. 412 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சங்கிலி. மென்சவ்வை ஏழு தடவை உள்ளும் புறமுமாகத் தைத்துக்கொண்டு நிற்கிறது. அது கேட்கும் சேதி அடினோசின். கலத்துக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு எப்போதும் கலத்தின் உள்ளேதான் இருக்க வேண்டும். கலம் காயப்பட்டால் அது வெளியே கசிந்துவிடும். வெளியே இருக்கும் சி.டி.39, சி.டி.73 என்ற இரண்டு நொதியங்கள் அதிலுள்ள பொசுபேற்றுகளை ஒவ்வொன்றாக வெட்டிவிட, மிஞ்சுவது அடினோசின். அது போய் நட்சத்திரக் கலத்தின் ஏ2ஏயில் ஒட்டியதும் இரண்டு காரியம் நடக்கிறது. ஊர்ந்துகொண்டிருந்த கலம் அந்த இடத்திலேயே நிற்கிறது. நின்ற இடத்தில் கொலாஜனை உண்டாக்குகிறது.

காலையில் தப்புச் சத்தம் கேட்டுப் பெரட்டுக் களத்துக்குப் போன காலம் பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். எந்த மலை, கொழுந்தா கவ்வாத்தா என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் இல்லை. வேலை இருக்கிறது, வா என்பது மட்டும்தான். அடினோசினும் அவ்வளவுதான் சொல்லும்: இங்கே காயம். கசிப்பால் வந்த காயமா, கிருமியால் வந்ததா, மூன்று கரண்டி சீனியால் வந்ததா என்று சொல்லாது. கேட்கும் கலமும் விசாரிக்காது. இழவு வீட்டில் நாம் போடும் பிரிவினை, குடிகாரன் ஈரல் என்றும் குடிக்காதவள் ஈரல் என்றும் போடும் கோடு, அந்தக் கலத்துக்குத் தெரியவே தெரியாது.

இந்த வாங்கியை நான் தெரிந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைத் தடுக்கும் பொருள் நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. கஃபீன். கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள அதே கஃபீன்தான். அதன் உருவம் அடினோசினை ஓரளவு ஒத்தது; ஏ2ஏக்குள் அடினோசின் உட்காரும் பள்ளத்தில் போய்த் தானே உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வாங்கியை வேலை செய்ய வைக்காது. இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். 2011இல் இதைப் பளிங்குப் படமாகவே எடுத்துக் காட்டிவிட்டார்கள். தேயிலை ஸ்டோரில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் ஒரு கோப்பைத் தேயிலைச் சாயம் குடித்ததும் தூக்கம் கலைகிறதே, அதுவும் இதே வித்தைதான். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேரும். அது தூங்கச் சொல்லும். கஃபீன் அந்தச் சொல்லைக் கேட்கவிடாது.

நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் எட்வின் சான், புரூஸ் குரோன்ஸ்டீன் ஆகியோரின் குழு 2006இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டது. ஈரலைக் கெடுக்கும் இரசாயனத்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சாதாரண எலிகளின் ஈரலில் தழும்பு விழுந்தது. ஏ2ஏ வாங்கி இல்லாதபடி பிறப்பித்த எலிகளோ தழும்பிலிருந்து தப்பின. பிறகு சாதாரண எலிகளுக்கே அந்த நஞ்சோடு கஃபீனும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கும் தழும்பு குறைந்தது. ஒரு வாங்கி, அதை அடைக்கும் ஒரு பொருள், இரண்டையும் சேர்த்து நிறுத்திய அழகான பரிசோதனை அது.

இதைக் கேட்டதும் நமக்கெல்லாம் ஒரு பெருமை வரும். உலகத்துக்கே தேயிலை கொடுக்கும் மலை, ஈரலுக்கு மருந்தும் கொடுக்கிறதோ என்று. கொஞ்சம் பொறுங்கள்.

இந்த டிக்கோயா மலைகளில் தேயிலைக்கு முன்னால் இருந்தது கோப்பி. நம் பாட்டன் பூட்டன்மாரைத் தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாகக் கூட்டிவந்தது முதலில் கோப்பிக்குத்தான். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி போய் மலையெல்லாம் தேயிலையானது. ஈரல் விஷயத்தில் மட்டும், விட்டுப்போன கோப்பிக்குத்தான் சாட்சி அதிகம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 125,580 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒரு கோப்பைக் கோப்பி கூடக் கூட, குடியால் வரும் சிரோசிஸின் ஆபத்து 22 வீதம் குறைந்து காணப்பட்டது. தேநீர் குடித்தவர்களிடம் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. 2010இல் வந்த இன்னோர் அமெரிக்க ஆய்வும் அதையே சொன்னது: நாளுக்கு இரண்டு கோப்பைக்குச் சற்று மேலே கோப்பி குடித்தவர்களுக்குத் தழும்பு குறைவு; மற்றப் பானங்களில் வரும் கஃபீனுக்கு அந்தப் பலன் தெரியவில்லை.

ஏன் இப்படி? ஒரு கோப்பைத் தேநீரில் கஃபீன் கோப்பியைவிடக் குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கஃபீன் நீக்கிய கோப்பி குடித்தவர்களிடமும் நல்ல பலன் தெரிகிறது. பிரிட்டனில் 494,585 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், எந்த வகைக் கோப்பி குடித்தாலும் நாட்பட்ட ஈரல் நோய் வரும் ஆபத்து 21 வீதம் குறைவாக இருந்தது. கஃபீன் நீக்கியதும் அதில் அடங்கும். ஆகவே எலியில் ஏ2ஏ சொன்ன கதை மனிதரில் முழுக் கதை அல்ல. கோப்பியில் இன்னும் பல பொருள்கள் உண்டு. கோப்பி குடிப்பவர்களின் வாழ்க்கையிலும் வேறு பல வித்தியாசங்கள் இருக்கும். தேயிலைப் பெட்டியில் "ஈரலைக் காக்கும்" என்று யாராவது அச்சடித்து விற்றால் நம்பிவிடாதீர்கள். ஏ2ஏயை அடைக்கும் இஸ்ட்ராடெஃபிலின் என்ற மருந்து ஜப்பானில் 2013இலும் அமெரிக்காவில் 2019இலும் அனுமதி பெற்றது. ஆனால் அது பார்க்கின்சன் வருத்தத்துக்கு, ஈரலுக்கு அல்ல.

அதைவிட, நம் தேத்தண்ணியில் கஃபீன் மட்டுமா இருக்கிறது? விடியற்காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து ஒன்று, இரவு ரொட்டியோடு ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி. ஒரு கரண்டி ஐந்து கிராம் வரும். கணக்குப் போடுங்கள்: 75 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உச்ச அளவு 50 கிராம், 25 கிராமுக்குள் நின்றால் நல்லது. சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். பிரக்டோஸின் பெரும்பகுதியை ஈரல் பிடித்துக்கொள்ளும், மிஞ்சியதைக் கொழுப்பாக்கும். கோதுமை மா ரொட்டியையும் சம்பலையும் வைத்து வயிறு நிறைக்கும் நாளில் மாவிலிருந்து வரும் குளுக்கோஸும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அந்தக் கோப்பையிலுள்ள கஃபீன் தழும்புக்கு எதிராக என்ன சாதித்தாலும், அதே கோப்பைச் சீனி அந்தப் பக்கம் காயத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. சாயத்தைக் குறைக்கச் சொல்ல நான் வரவில்லை. மலைக் குளிரில் அது இல்லாமல் முடியாது. கரண்டியைத்தான் சொல்கிறேன். சீனி வருத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் அவருக்கு மட்டும் தனியாகப் போடாமல், எல்லோருடைய கோப்பையிலும் மெல்ல மெல்லக் குறையுங்கள்.

முன்வரிசை அண்ணன்மார் இப்போது நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். குற்றவாளி சீனி என்று தீர்ப்பாகிவிட்டது என்ற நினைப்பு. இல்லை அண்ணே. சாராயத்தை உடைக்கும் வேலையே ஈரலில் அடினோசினைக் கூட்டுகிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். காயமும் அதனால், காயத்தின் சேதியும் அதனால். கொழுப்பு ஈரலும் சீனி வருத்தமும் உள்ளவர் அதற்கு மேல் குடியையும் சேர்த்தால் இரண்டும் கூட்டுச் சேர்ந்து வேலை செய்யும். கலிபோர்னியாக் கோப்பி ஆய்வை எழுதிய டொக்டர்மாரே, சிரோசிஸைத் தடுக்க வழி கோப்பி அல்ல, குடியைக் குறைப்பதே என்று சொல்லியிருக்கிறார்கள்.

விழுந்த தழும்பு கரையுமா? நான் படித்த காலத்தில் கரையாது என்றே சொல்லிக் கொடுத்தார்கள். இன்று அப்படி இல்லை. காயம் நின்றால் நட்சத்திரக் கலங்களில் ஒரு பகுதி செத்துப்போகும். இன்னொரு பகுதி பழைய சாதுத்தனத்துக்கே ஏறக்குறையத் திரும்பிவிடும். 2012இல் இதை எலிகளில் நேரடியாகக் கண்டார்கள். மனிதரிலும் உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமியை ஐந்து வருடம் மருந்தால் அடக்கி வைத்த ஓர் ஆய்வில், தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு 5 வருட முடிவில் சிரோசிஸ் இல்லை. கியூபாவில் கொழுப்பு ஈரல்காரர்களை 12 மாதம் உணவாலும் நடையாலும் மெலிய வைத்துப் பார்த்தார்கள். தங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கையாவது குறைத்தவர்களில் 45 வீதமானோருக்குத் தழும்பு பின்வாங்கியது. 60 கிலோ ஆளுக்கு அது 6 கிலோ. லேசான காரியம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆய்விலேயே அவ்வளவு குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான்.

மருந்தும் வந்திருக்கிறது, அதுவும் ஒரு வாங்கியைப் பிடித்துத்தான். ரெஸ்மெற்றிரம் என்று பெயர். ஈரல் கலத்தின் கருவுக்குள் இருக்கும் தைரொயிட் ஹோர்மோன் வாங்கியைத் தூண்டி, கொழுப்பை எரிக்க வைக்கும். 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தது. 966 பேரை வைத்துச் செய்த பரிசோதனையில் ஒரு வருட முடிவில், மருந்து எடுத்தவர்களில் நாலில் ஒரு பங்கினருக்குத் தழும்பு ஒரு படியாவது குறைந்தது. வெறும் குளிசை எடுத்தவர்களில் 14 வீதமானோருக்குக் குறைந்தது. விஞ்ஞானத்துக்கு அது நல்ல வெற்றிதான். விலை, சந்தைக்கு வந்தபோது வருடத்துக்கு 47,400 டொலர். நம் காசில் ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கு மேல். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில், வருடம் 300 நாள் பேர் விழுந்தாலும் 35 வருடச் சம்பளம். ஒரு வருட மருந்துக்கு! அந்த மருந்தைப் பற்றி இதற்கு மேல் பேச இங்கே அவசியமில்லை.

நமக்குக் கைக்கெட்டுவது தழும்பை நேரத்தோடு கண்டுபிடிப்பது. கீழ்க்காய் நெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வருத்தம். சீனி வருத்தம் உள்ளவர்கள், இடுப்பு அளவு கூடியவர்கள், பல வருடமாகக் குடிப்பவர்கள், ஸ்கேனில் கொழுப்பு ஈரல் என்று எழுதி வாங்கியவர்கள், இவர்கள் செய்ய வேண்டிய சோதனை சாதாரண இரத்தச் சோதனைதான். நம் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ உங்கள் கிளினிக்குக்கோ போகும்போது டொக்டரிடம், "ஃபிப்-4 கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?" என்று வாய் திறந்து கேளுங்கள். இரத்தச் சோதனையில் வரும் எண்களை வைத்துத் தழும்பை மதிப்பிடும் கணக்கு அது. வயதை ஏ.எஸ்.டி. என்ற ஈரல் நொதியத்தின் எண்ணால் பெருக்க வேண்டும். அதைப் பிளேட்லெட் எண்ணாலும், ஏ.எல்.டி. என்ற இன்னோர் ஈரல் நொதிய எண்ணின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும்.

கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். உதாரணத்துக்கு 52 வயது அம்மா, சாராயம் தொட்டதே இல்லை. ஏ.எஸ்.டி. 60, ஏ.எல்.டி. 49, பிளேட்லெட் 150. மேலே 52 தர 60, வருவது 3,120. 49இன் வர்க்கமூலம் 7; கீழே 150 தர 7, வருவது 1,050. வகுத்தால் ஏறக்குறைய 2.97. இந்த எண் 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. மேலே 2.67ஐத் தாண்டினால், இந்த அம்மாவைப்போல, தாமதிக்காமல் ஈரல் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். நடுவில் நின்றால் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் தனி ஸ்கேன் தேவைப்படும்.

ரிப்போர்ட் கொண்டு வந்தவர்கள் இருந்தால் முன்னுக்கு வாருங்கள், சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். பிளேட்லெட்டை உங்கள் தாளில் 150,000 என்று அச்சடித்திருந்தால் கடைசி மூன்று பூச்சியத்தையும் விட்டுவிட்டு 150 என்று எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்கமூலத்துக்குப் பயப்படத் தேவையில்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள்.